பையின் இரண்டாம் பயன்: பெங்களூருவின் அன்றாடக் கொள்முதலும் பிளாஸ்டிக் பைத் தடையும்

கர்நாடக அரசு 2016 மார்ச் 11 அன்று வெளியிட்ட அறிவிக்கை, பிளாஸ்டிக் பைகளைத் தயாரிப்பது, வழங்குவது, விற்பது, பயன்படுத்துவது ஆகிய அனைத்தையும் மாநிலம் முழுவதும் தடை செய்தது. 1986-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் (பாதுகாப்பு) சட்டத்தின் 5-ஆம் பிரிவின்கீழ் வந்த அந்த ஆணை, பையோடு நிற்காமல் பிளாஸ்டிக் தட்டு, குவளை, கரண்டி, பதாகை, தோரணம், சாப்பாட்டு மேசை விரிப்பு, தெர்மாகோல் பொருள்கள் வரை நீண்டது. பை எவ்வளவு தடிமனாக இருந்தாலும் விலக்கு இல்லை என்பது அதன் முக்கியக் கூறு. ஆயினும் கே.ஆர். மார்க்கெட்டின் பூக்கடை வரிசையிலும், சிவாஜிநகர் ரசல் மார்க்கெட்டின் இறைச்சிக் கடைகளிலும், அல்சூர் காய்கறித் தள்ளுவண்டிகளிலும் கவர் இன்றும் கைமாறிக்கொண்டுதான் இருக்கிறது.

இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணங்கள் இரண்டு: அதிகாரிகளின் மெத்தனம், மக்களின் அலட்சியம். இரண்டிலும் உண்மை உண்டு. ஆனால் ஒரு குடும்பம் கவரை ஏன் வாங்குகிறது, வாங்கிய கவரை வீட்டில் என்ன செய்கிறது என்ற கேள்விகளுக்கு இவை விடை தருவதில்லை. கடையிலிருந்து வீடுவரை பொருளைச் சுமப்பது பையின் முதற்பயன். வீட்டுக் குப்பையைக் கட்டி வெளியே வைப்பது இரண்டாம் பயன். தடைச் சட்டங்கள் அனைத்தும் முதற்பயனையே குறிவைக்கின்றன. பெங்களூருவோ, வேறொரு நெருக்கடியின் விளைவாக, இரண்டாம் பயனையும் அறுக்கும் வழியொன்றைக் கண்டது. குப்பைத் தரம்பிரிப்புக்காக வந்த அந்த வழி, பைத் தவிர்ப்பில் அபராத நடவடிக்கைகளைவிட ஆழமாக வேலை செய்யக்கூடியது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

சட்டத்தின் போக்கை முதலில் காண்பது நலம். இந்தியாவில் பைகளைக் கட்டுப்படுத்தும் முயற்சி நெடுங்காலம் தடிமனையே அளவுகோலாகக் கொண்டிருந்தது. 1999 விதிகள் 20 மைக்ரானுக்குக் குறைந்த பைகளை விலக்கின. 2011-இல் அந்த எல்லை 40 ஆனது. 2016-இல் 50 ஆனது. 2021 ஆகஸ்ட் திருத்தத்தின்படி அவ்வாண்டு செப்டம்பர் 30 முதல் 75 மைக்ரானும், 2022 டிசம்பர் 31 முதல் 120 மைக்ரானும் குறைந்தபட்ச அளவுகளாயின. தடித்த பைக்கு விலை அதிகம் என்பதால் கடைக்காரர் இலவசமாகத் தரமாட்டார். எடை கூடுவதால் குப்பை பொறுக்குவோர் அதை எடுத்துச் செல்வர். இதுவே இவ்விதிகளின் பின்னிருந்த கணக்கு. கலிபோர்னியாவில் இக்கணக்கு பொய்த்தது. 2016-இல் நடைமுறைக்கு வந்த அம்மாநிலத் தடை, திரும்பப் பயன்படுத்தத் தக்கவை என்ற பெயரில் தடித்த பைகளை விலைக்கு விற்க அனுமதித்தது. மக்கள் அவற்றையும் ஒருமுறை பயன்படுத்தியே எறிந்தனர். பை ஒவ்வொன்றிலும் பிளாஸ்டிக்கின் எடை கூடியதுதான் கண்ட பலன். அந்த விலக்கை நீக்க 2024-இல் புதிய சட்டம் தேவைப்பட்டது.

அந்த வகையில் கர்நாடகம் தடிமனைக் கணக்கில் எடுக்காதது தெளிவான முடிவு. ஆனால் நடுவண் விதிப்படி செல்லத்தக்க 120 மைக்ரான் பை, மாநில ஆணைப்படி செல்லாது. கடைக்காரரின் கையில் இருக்கும் பையில் தயாரிப்பாளரின் பெயரும் தடிமனும் முறையாக அச்சிடப்பட்டிருந்தால், அது சட்டப்படியானது என்று அவர் நம்புவதில் வியப்பில்லை. நீலகிரியில் 2000-ஆம் ஆண்டையொட்டித் தொடங்கிய பிளாஸ்டிக் தடை ஓரளவு நிலைத்ததற்கு, மலைப்பாதைச் சோதனைச் சாவடிகளில் வண்டிகளை நிறுத்திப் பார்க்க முடிந்தது ஒரு காரணம். ஓசூர் சாலை, துமகூரு சாலை, மைசூரு சாலை, பழைய மதராஸ் சாலை என எல்லாத் திசையிலும் திறந்து கிடக்கும் பெங்களூருவுக்கு அத்தகைய வாயில் கிடையாது.

ஆணையின் விலக்குகளில் ஒரு சமூகக் கேள்வியும் அடங்கியிருக்கிறது. பால், பால்பொருள் உறைகள், ஆலையிலேயே அடைத்து முத்திரையிடப்பட்ட பொருள்களின் உறைகள், நாற்றங்கால் பைகள், ஏற்றுமதிக்கான பைகள் ஆகியவை தடைக்கு வெளியே நிற்கின்றன. பால் உறைக்கான விலக்கு தவிர்க்க இயலாதது. முத்திரையிட்ட உறைக்கான விலக்கின் விளைவு வேறு. பெருநிறுவனம் அரைக்கிலோ துவரம்பருப்பை வண்ண உறையில் அடைத்து விற்றால் குற்றமில்லை. தெருமுனை மளிகைக்கடைக்காரர் அதே பருப்பை மூட்டையிலிருந்து அள்ளி நிறுத்துக் கவரில் போட்டால் குற்றம். இரண்டிலும் இருப்பது பிளாஸ்டிக்கே. பல அடுக்குகளால் ஆன வண்ண உறையை மறுசுழற்சி செய்வதுதான் கூடுதல் கடினம். உறை தயாரிப்பாளரின் பொறுப்பு பற்றிய விதிகள் தனியே இருப்பினும், கண்முன் பறிமுதலும் அபராதமும் நிகழ்வது சிறுகடையில்தான். சூழல் சட்டம் ஒன்றின் முழுப் பாரமும் அன்றாடம் சரக்கு எடுத்து அன்றாடம் விற்போர் தோளில் இறங்குவது நியாயமன்று. அத்தகைய சட்டம் நீண்டநாள் மதிக்கப்படுவதும் அரிது.

கவர் எங்கே வேண்டப்படுகிறது என்று பார்த்தால், கொள்முதல் எல்லாம் ஒரே தன்மையுடையதல்ல என்பது புலப்படும். மாதச் சாமான் வாங்கச் செல்வோர் பட்டியலும் பையும் எடுத்தே செல்வர். அங்கே தவிர்ப்பு எளிது. வேலை முடிந்து மெஜஸ்டிக்கில் பேருந்து மாறும் ஒருவர் வழியில் இரண்டு கட்டுக் கீரையும் ஒரு முழம் மல்லிகையும் வாங்குவது முன்கூட்டி எண்ணாத கொள்முதல். கையில் பை இருக்க வாய்ப்பு குறைவு. மூன்றாவது ஈரக் கொள்முதல்: மீன், இறைச்சி, தயிர், அரைத்த மாவு, ஓட்டலிலிருந்து கட்டித் தரும் சாம்பார், சட்னி. துணிப்பை கையில் இருந்தாலும் இங்கே உதவாது. 1980-களில் தொடங்கிப் பெங்களூருவெங்கும் பரவிய தர்ஷினி எனும் நின்றுண்ணும் ஓட்டல்கள், பார்சல் சாப்பாட்டை நகரத்தின் அன்றாட வழக்கமாக்கின. இட்லி இலையில் போகலாம். சூடான சாம்பார் போக முடியாது. ‘துணிப்பை எடுத்து வாருங்கள்’ என்ற முழக்கம் முதல் வகைக்கே பொருந்துகிறது, கவர் மிகுதியாகப் புழங்குவதோ மற்ற இரண்டில்.

ஈரப் பொருளுக்குத் தமிழ் வீடுகளிலும் கன்னட வீடுகளிலும் ஒரு தலைமுறைக்கு முன்வரை பாத்திரமே பதில். எண்ணெய்க்குத் தனிப் பாத்திரம், ஓட்டல் சாம்பாருக்குத் தூக்குவாளி, மீனுக்கு ஓலைக்கூடை என்று வீட்டில் ஒதுக்கி வைத்திருந்தனர். கே.ஆர். மார்க்கெட்டில் பூவை வாழையிலையில் பொதிந்து நாரால் கட்டும் வழக்கம் முற்றிலும் மறைந்துவிடவில்லை. கன்னடர் முத்துகம் என்றும் தமிழர் புரசு என்றும் அழைக்கும் மரத்தின் இலைகளைத் தைத்துத் தட்டாக்கும் தொழிலும் கர்நாடகத்தில் உயிரோடு இருக்கிறது. பழைய வழக்கத்துக்குத் திரும்புவதிலும் கவனம் தேவை. கவருக்கு மாற்றாகச் செய்தித்தாளில் பஜ்ஜியையும் வடையையும் பொதிவது ஆபத்தானது. அச்சு மையில் உள்ள வேதிப்பொருள்கள் சூடான எண்ணெயுடன் உணவில் இறங்கும் என்பதால், இந்திய உணவுப் பாதுகாப்பு, தர நிர்ணய ஆணையம் 2016-இலேயே அதற்கெதிராக எச்சரித்திருக்கிறது. இலையே பாதுகாப்பானது. ஆனால் இலை வாடும், கிழியும், அன்றன்று வந்து சேர வேண்டும். கவர்க் கட்டோ மாதக்கணக்கில் கடைக்கு அடியில் கிடக்கும். தடை ஆணை கவரை நிறுத்தச் சொன்னது. இலை காலைதோறும் சந்தைக்கு வந்து சேரும் ஏற்பாட்டை ஒருவரும் செய்யவில்லை.

விற்பவர் பக்கத்தில் இன்னொரு நெருக்கடி. ஒரே வரிசையில் உள்ள பல கடைகளில் ஒருவர் மட்டும் கவர் தராவிட்டால், வாங்குபவர் அடுத்த கடைக்கு நகர்வார். கவரின் விலை சில பைசா. இழக்கும் விற்பனையின் மதிப்போ அதைப் போலப் பல மடங்கு. எனவே கவர் தரவே விரும்பாத வியாபாரியும் தருகிறார். இந்த முடிச்சைத் தனியொருவரின் நல்லெண்ணத்தால் அவிழ்க்க இயலாது. வரிசை முழுவதும் ஒரே நாளில் நிறுத்த வேண்டும், அல்லது எல்லோரும் ஒரே விலை வாங்க வேண்டும். அயர்லாந்து 2002 மார்ச்சில் பை ஒன்றுக்கு 15 சென்ட் வரி விதித்தபோது பயன்பாடு 90 விழுக்காட்டுக்கும் மேல் வீழ்ந்தது. வரி சிறியதுதான்; ஆனால் எந்தக் கடைக்காரரும் அதைத் தாமே ஏற்றுக்கொண்டு இலவசமாகத் தர முடியாதபடி விதி அமைந்திருந்தது.

இந்தியாவில் விலைவழி முயற்சி அரைகுறையாக நின்றது. பை தரும் கடைகள் உள்ளாட்சியில் பதிந்து மாதம் குறைந்தது 4,000 ரூபாய் செலுத்த வேண்டும் என்ற 2016 விதி, 2018 திருத்தத்தில் நீக்கப்பட்டது. தெருவோர வியாபாரிக்கு எட்டாத தொகை அது. பெருங்கடைக்கோ பொருட்டே அல்ல. மறுபுறம், பைக்கு விலை வாங்குவதே வழக்காயிற்று. முன்னறிவிப்பு இன்றிப் பைக்குப் பணம் பெறுவது முறையற்ற வணிகம் என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2020 டிசம்பரில் தீர்ப்பளித்தது. பெங்களூருவிலும் 2023-இல், தன் பெயர் அச்சிட்ட பைக்கு 20 ரூபாய் வாங்கிய ஒரு பெரிய அறைகலன் கடை, வாங்கியவருக்கு இழப்பீடு தர நுகர்வோர் ஆணையம் ஆணையிட்டது. நுகர்வோர் உரிமை நோக்கில் இத்தீர்ப்புகள் சரியானவை; கடையின் பெயரை ஊருக்குச் சுமந்து காட்டும் பைக்கு வாங்குபவர் ஏன் பணம் தர வேண்டும்? ஆனால் பைக்கு விலை கிடையாது என்ற எண்ணத்தையும் அவை சேர்த்தே பரப்பிவிட்டன. பல பெருங்கடைகள் வாடிக்கையாளரின் சொந்தப் பையை வாசலில் வாங்கி வைத்து டோக்கன் தரும் வழக்கத்தை இன்னும் விடவில்லை. திருட்டுக்கு அஞ்சி ஏற்பட்ட அந்த வழக்கம், பை கொண்டுவருவோரைச் சந்தேகத்துக்குரியவராக நடத்துகிறது. முதலில் களையப்பட வேண்டியது இதுவே.

இனி இரண்டாம் பயன். 2012-இல் பெங்களூருவின் குப்பை தெருக்களில் மலைபோல் குவிந்தது. நகரத்தின் கழிவைச் சுமந்துவந்த மாவள்ளிபுரம் கிராமத்தார் எதிர்த்து நின்றனர். அங்கே குப்பை கொட்டுவது நின்றது. பிறகு சுமை மண்டூருக்கு மாறியது. அவ்வூராரின் போராட்டத்தால் 2014 இறுதியில் அதுவும் முடிவுக்கு வந்தது. கர்நாடக உயர்நீதிமன்றத்தில் நடந்த பொதுநல வழக்கின் ஊடாக, வீட்டிலேயே குப்பையைத் தரம்பிரிப்பது 2012 அக்டோபர் முதல் கட்டாயமாயிற்று. 2015 டிசம்பரில் அதே நீதிமன்றம் ‘இரண்டு தொட்டி, ஒரு பை’ முறையை நகர் முழுவதற்கும் ஆணையிட்டது. ஈரக் குப்பைக்குப் பச்சைத் தொட்டி, சுகாதாரக் கழிவுக்குச் சிவப்புத் தொட்டி, உலர் குப்பைக்குத் திரும்பத் திரும்பப் பயன்படும் ஒரு பை. குடியிருப்போர் குழுக்கள் தம் தெருக்களில் முன்னரே செய்து பார்த்த முறை இது. பச்சைத் தொட்டியில் பிளாஸ்டிக் உறை போடக்கூடாது; வேண்டுமானால் செய்தித்தாளை விரிக்கலாம்.

இந்த ஒரு வரியில் பைத் தவிர்ப்பின் சாரம் இருக்கிறது. கவரை வாங்கி மடித்துச் சேர்த்து வைக்கும் வீடுகள் அதை வீண் என்று கருதுவதில்லை. நாளைய குப்பைக்கு உறை என்றே எடுத்து வைக்கின்றன. குப்பைக்கு உறை வேண்டியிருக்கும்வரை கவருக்கு மதிப்பு இருக்கும். கலிபோர்னிய நகரங்களின் தடைகளை ஆராய்ந்த ரெபெக்கா டெய்லர் 2019-இல் வெளியிட்ட ஆய்வு இதைக் கணக்கிட்டுக் காட்டியது: கடைப்பை நின்றதால் ஏறத்தாழ 4 கோடி பவுண்டு பிளாஸ்டிக் குறைந்தது; ஆனால் குப்பைப்பை விற்பனை கூடியதால் 1.2 கோடி பவுண்டு திரும்ப வந்துவிட்டது. மிச்சமானதில் பத்தில் மூன்று பங்கு கைநழுவிற்று. பையின் ஒரு பயனை மட்டும் தடுத்தால் மற்றொன்று தன் தேவையை வேறு வழியில் தேடிக்கொள்கிறது. ஈரக் குப்பையைத் தொட்டியோடு தூக்கி வண்டியில் கவிழ்க்கும் வீட்டில் அந்தத் தேவையே இல்லை. அந்த வீட்டில் கவர் சேர்த்து வைக்கக் காரணம் இல்லாததால், கடையில் வேண்டாம் என்று சொல்வதும் இயல்பாகிறது.

இது நிகழ ஒரு நிபந்தனை உண்டு. குப்பை வண்டி ஒவ்வொரு நாளும் குறித்த நேரத்தில் வர வேண்டும். வண்டி வராத நாளில் ஈரக் குப்பை நாறும். வேலைக்குப் போகும் தம்பதியர் அதைக் கவரில் முடிந்து தெருமுனையில் எறிவர். பெங்களூருவில் கரும்புள்ளி என்று அழைக்கப்படும் குப்பை முனைகளைப் பார்த்தால் இது விளங்கும்: கிடப்பவை பெரும்பாலும் முடிச்சிட்ட கவர்கள். மாடுகள் கவரோடு சேர்த்துக் குப்பையைத் தின்கின்றன. மழையில் மிச்சம் இராஜகால்வாய் எனப்படும் மழைநீர் வடிகால்களுக்குப் போய் நீரோட்டத்தை அடைக்கிறது. ஆகவே குப்பை வண்டியின் நேரந்தவறாமையும் பைத் தடையின் ஓர் உறுப்பு. இவ்விரண்டும் வெவ்வேறு அதிகாரிகளின் கோப்புகளில் இருப்பதால் ஒன்றின் தோல்வி மற்றொன்றின் தோல்வியாகக் கணக்கில் வருவதில்லை.

கவருக்குள் வந்து சேரும் ஈரக் குப்பை உரமாவதும் கடினம். 1975-இல் தொடங்கிய கர்நாடக உர மேம்பாட்டு நிறுவனம் போன்ற உரக்கூடங்களில் பைகளைக் கிழித்துப் பிரித்தெடுப்பதே தனி வேலை. உலர் குப்பை மையங்களில் பணிபுரியும் குப்பை சேகரிப்போருக்கும் கவரால் ஆதாயம் இல்லை. தாள், அட்டை, பாட்டில் ஆகியவற்றுக்கு விலை உண்டு. சில கிராமே எடையுள்ள, குழம்பும் மண்ணும் ஒட்டிய கவருக்குக் கிடையாது. ஒரு கிலோ சேர்க்க நூற்றுக்கணக்கில் பொறுக்க வேண்டும். இத்தகைய கழிவு பெரும்பாலும் சிமென்ட் ஆலைகளுக்கு எரிபொருளாகப் போகிறது. மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் இரா. வாசுதேவன் உருவாக்கிய, பிளாஸ்டிக்கைத் தாரோடு கலந்து சாலையிடும் முறையும், அதே காலத்தில் பெங்களூருவில் நடந்த அத்தகைய முயற்சிகளும் மதிப்புக்குரியவை. ஆனால் சாலைக்குப் போவது சேகரித்துச் சுத்தமாக்கிய பிளாஸ்டிக். கால்வாயில் கிடப்பதை எடுத்துத் தருவது யார் என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

மாற்றுப் பைகள் பற்றி ஆர்வமும் குழப்பமும் சம அளவில் உள்ளன. துணிபோலத் தோன்றும் நெய்யாப் பை பாலிப்ரொப்பிலீன் எனும் பிளாஸ்டிக்கே. அதன் ஓர் இழையைத் தீயில் காட்டினால் உருகி மணியாகத் திரளும். பருத்தி இழை எரிந்து சாம்பலாகும். நடுவண் விதி சதுர மீட்டருக்கு 60 கிராமுக்குக் குறைந்த நெய்யாப் பைகளை விலக்குகிறது. மக்கும் பைக்குச் சான்றிதழ் கட்டாயம். அதுவும் தொழிற்கூட உரக்குழியின் உயர்ந்த வெப்பத்தில்தான் முறையாக மக்கும், தெருவோரத்திலோ ஏரியிலோ அல்ல. பருத்திப் பையும் செலவற்றதன்று. பிரிட்டனின் சுற்றுச்சூழல் முகமை 2011-இல் வெளியிட்ட ஆய்வின்படி, புவி வெப்பமாதல் கணக்கில் மெல்லிய பிளாஸ்டிக் பைக்கு ஈடாக வேண்டுமானால் பருத்திப் பையை 131 முறை பயன்படுத்த வேண்டும்; காகிதப் பையை 3 முறை; நெய்யாப் பையை 11 முறை. கவருக்கு ஆதரவாக இந்த எண்களை எடுத்துக்காட்டுவோர், கால்வாய் அடைப்பும் மாட்டின் வயிறும் அந்தக் கணக்கில் இல்லை என்பதை மறந்துவிடுகின்றனர். ஆயினும் ஒரு செய்தி தெளிவு: விழாக்களிலும் கூட்டங்களிலும் புதுப்புதுத் துணிப்பைகளை வாரி வழங்குவது தவிர்ப்பு ஆகாது. வாரம் இருமுறை சந்தைக்குப் போகும் பை 131-ஐ எட்ட ஓராண்டுக்கு மேலாகும். அலமாரியில் பத்துப் பை இருந்தால் ஒன்றும் எட்டாது. பழைய புடவையிலோ வேட்டியிலோ தைத்த பைக்கு இந்தக் கடன் ஏறத்தாழ இல்லை, ஏனெனில் அதற்கெனப் புதுப் பருத்தி விளையவில்லை.

தமிழ்நாட்டின் அனுபவம் இங்கே ஒப்பிடத்தக்கது. 2019 ஜனவரி 1 முதல் 14 வகைப் பொருள்களைத் தடை செய்த அரசு, 2021 டிசம்பர் 23 அன்று ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கத்தைத் தொடங்கியது. தாம்பூலப் பையாக எல்லா வீட்டிலும் இருந்த ஒன்றுக்கு மீண்டும் மதிப்புக் கிடைத்தது. கோயம்பேடு சந்தையில் நாணயம் போட்டால் மஞ்சப்பை தரும் இயந்திரம் வந்தது. முன்கூட்டி எண்ணாத கொள்முதலுக்கு இது நேரடியான பதில், அதனால் பெங்களூருவுக்கும் பொருந்தும். மெஜஸ்டிக், கே.ஆர். மார்க்கெட், மெட்ரோ நிலையங்கள் போன்ற இடங்களில் பணம் கட்டி எடுத்து, வேறோர் இடத்தில் திருப்பிக் கொடுத்துப் பணத்தைப் பெறும் முறை அமைந்தால், பை வீட்டில் தேங்காது. மாறாக, மாற்று ஏற்பாடு இன்றித் தடை மட்டும் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு வங்கதேசம் சான்று. 2002-இல் உலகிலேயே முதலாகப் பாலித்தீன் பையைத் தடை செய்த அந்நாடு, தடை தளர்ந்துபோனதால் 2024 அக்டோபரில் பெருங்கடைகளுக்கும் நவம்பரில் காய்கறிச் சந்தைகளுக்கும் மீண்டும் ஆணையிட நேர்ந்தது.

பெங்களூருவிலேயே சிறிய அளவில் வரிசை முழுவதும் சேர்ந்து நிறுத்தும் வாய்ப்புகள் உண்டு. பசவனகுடியில் கார்த்திகை மாதக் கடைசித் திங்களையொட்டிக் கூடும் கடலைக்காய்ப் பரிஷை எனும் நிலக்கடலைச் சந்தையைப் பிளாஸ்டிக் இல்லாமல் நடத்தும் முயற்சிகள் அண்மை ஆண்டுகளில் நடந்துவருகின்றன. காய்ந்த பொருள், ஒரே பகுதி, நாள் முன்பே தெரியும் என்பதால் அங்கே இது இயலும். 1959-இல் தொடங்கிய தோட்டக்கலை விளைபொருள் கூட்டுறவுச் சங்கமான ஹாப்காம்ஸின் கடைகள் ஒரே நிர்வாகத்தின்கீழ் இயங்குவதால், அங்கே போட்டி முடிச்சே இல்லை. ஒரே ஆணையில் கவரை நிறுத்திவிடலாம். பூவும் மீனும் விற்கும் வரிசைகளுக்கு இலை வரவு உறுதியாக வேண்டும். தர்ஷினிகளில் பாத்திரம் கொண்டு வருவோருக்குப் பார்சல் கட்டணத்தைத் தள்ளுபடி செய்தால் தூக்குவாளி திரும்பிவரும்.

அபராதம் தேவையற்றது என்பது இவ்வாதத்தின் பொருள் அன்று; அது விழும் இடம் மாற வேண்டும். சுற்றுச்சூழல் சட்டத்தின்கீழ் இருந்த சிறைத் தண்டனையை 2023-ஆம் ஆண்டின் ஜன் விஸ்வாஸ் சட்டம் நீக்கி, 10,000 ரூபாய் முதல் 15 லட்சம் ரூபாய் வரையிலான தண்டத்தொகையை வைத்தது. அத்தொகையின் கீழ் எல்லையே ஒரு பூக்காரியின் பல நாள் வருமானத்துக்குச் சமம். மேல் எல்லை பை ஆலைக்கும் மொத்த வியாபாரிக்கும் உறைக்கக்கூடியது. கவர் சில்லறை வியாபாரியின் கைக்கு வருமுன் கட்டுக்கட்டாக மொத்தக் கிடங்குகளில் கிடக்கிறது. பத்தாயிரம் கடைகளில் பத்துப் பத்தாகத் தேடுவதைவிடச் சில கிடங்குகளில் டன் கணக்கில் எடுப்பது எளிது, நியாயமும் அதுவே. 2025 செப்டம்பரில் பெங்களூரு ஐந்து மாநகராட்சிகளாகப் பிரிக்கப்பட்டபின், சந்தையும் குப்பை வண்டியும் முன்னைவிடச் சிறிய எல்லைக்குள் வந்திருக்கின்றன. ஒவ்வொரு மாநகராட்சியும் தன் வார்டுகளில் ஈரக் குப்பை உறையின்றிச் சேர்கிறதா என்பதை நாள்தோறும் பதிவு செய்து, சந்தைகளில் பிடிபடும் கவரின் எடையோடு ஒப்பிட்டு வெளியிட்டால், இக்கட்டுரையின் வாதம் மெய்யா என்பதை நகரத்தின் கணக்கைக் கொண்டே சோதித்துவிடலாம்.